பேய்ப் படமும் சிரிப்பொலியும்

அச்சமும் சிரிப்பும் ஒன்றுக்கொன்று பகை என்று நாம் எண்ணுகிறோம். தொல்காப்பியரோ எட்டு மெய்ப்பாடுகளை எண்ணும்போது இரண்டையும் ஒரே வரிசையில் வைத்தார். அச்சம் பிறக்கும் இடங்களுள் அணங்கைச் சொன்னார். நகை பிறக்கும் இடங்களுள் எள்ளலையும் பேதைமையையும் சொன்னார். அணங்கைக் காட்டி நம்மை அஞ்ச வைக்க முயல்பவனுடைய பேதைமை வெளிப்பட்டுவிட்டால் என்ன ஆகும்? அச்சம் வரவேண்டிய இடத்தில் நகை வந்து அமர்ந்துகொள்ளும். இந்த உண்மையை அடிப்படையாகக் கொண்டு அமெரிக்க நாட்டில் ஒரு தனிவகை நகைச்சுவை நிகழ்ச்சியே வளர்ந்திருக்கிறது. தரங்குறைந்த பழைய பேய்ப் படங்களைக் காட்டி, கூடவே கேலியும் செய்யும் நிகழ்ச்சி அது. மக்கள் அதனை ஏன் விரும்புகின்றனர்? அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்புத்தானா? மாணவ நண்பர்களே, இவ்விரு வினாக்களையும் சற்றே ஆராய்வோம்.

1954-ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத் தொலைக்காட்சியில் மைலா நூர்மி என்ற நடிகை, 'வேம்பைரா' என்னும் பெயரில் கறுப்புடை அணிந்து தோன்றினார். நள்ளிரவில் பழைய படங்களை அறிமுகம் செய்து, இடையிடையே குறும்பாகப் பேசினார். 1957-இல் யூனிவர்சல் நிறுவனத்தின் பழைய படங்கள் ஐம்பத்திரண்டு ஒரே தொகுதியாகத் தொலைக்காட்சி நிலையங்களுக்குக் கிடைத்தன. அதன்பின் பல நகரங்களில் இத்தகைய அறிமுகக்காரர்கள் தோன்றினர்.

இந்த மரபில் பெரும்புகழ் பெற்றது, 1988-இல் மினியாபொலிஸ் பகுதியின் சிறு நிலையம் ஒன்றில் ஜோயல் ஹாட்ஜ்சன் தொடங்கிய 'மிஸ்டரி சயன்ஸ் தியேட்டர் 3000' என்ற நிகழ்ச்சியாகும். பித்தம் பிடித்த அறிவியலார், ஒருவனை விண்வெளிக் கலத்தில் அடைத்து, மட்டமான படங்களைப் பார்க்கும்படி வற்புறுத்துகின்றனர். அவன் தனிமை தீர இயந்திர மனிதர்களைச் செய்துகொள்கிறான். திரையில் படம் ஓடும். அதன் அடியில் அவனும் இரண்டு இயந்திர நண்பர்களும் நாற்காலிகளில் அமர்ந்திருக்கும் நிழலுருவம் தெரியும். அவர்கள் படத்தோடு பேசிக்கொண்டே இருப்பார்கள். கதை இவ்வளவுதான். இந்நிகழ்ச்சிக்கு 1993-இல் சிறப்புமிக்க பீபடி விருது கிடைத்தது.

முதற் காரணத்தைக் காண்போம். இறுகி நின்ற எதிர்பார்ப்பு திடீரென ஒன்றுமில்லாமற் போகும்போது சிரிப்பு பிறக்கிறது என்று ஜெர்மானிய மெய்ப்பொருளறிஞர் கான்ட் 1790-இல் எழுதினார். பேய்ப்படம் அந்த எதிர்பார்ப்பை எழுப்புவதற்கென்றே எடுக்கப்படுவது. 1957-இல் முதன்முதல் காட்டப்பெற்ற 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' என்ற படத்தைப் பாருங்கள். 1931-இல் டிராகுலாவாக நடித்துப் புகழ்பெற்ற பெலா லுகோசி, 1956-இல் இறந்துவிட்டார். இயக்குநர் எட் வுட்டிடம் எஞ்சியவை அவர் தோன்றும் சில காட்சிகளே. எனவே, முதுகெலும்பைப் பிடித்துச் சீர்செய்யும் மருத்துவர் ஒருவரை அவருக்குப் பதிலாக நடிக்கவைத்தார். உருவ ஒற்றுமை இல்லாமையால் அந்த மருத்துவர் தம் மேலங்கியால் முகத்தை மூடிக்கொண்டே படம் முழுதும் நடமாடுகிறார். கல்லறைக் கற்கள் ஆடுகின்றன. ஒரே காட்சியில் பகலும் இரவும் மாறி மாறி வருகின்றன. ஆயினும் படம் எடுத்தவர் விளையாட்டாக எடுக்கவில்லை; மெய்யாகவே முயன்றார். அந்த முயற்சிக்கும் விளைவுக்கும் இடையே உள்ள தொலைவே நம் சிரிப்பின் ஊற்று. வேண்டுமென்றே கெடுத்து எடுத்த படத்தில் இந்தச் சுவை அவ்வளவாகப் பிறப்பதில்லை.

இரண்டாவது காரணம் தோழமை. இருட்டில் தனியே கேட்கும் ஒலி நம்மை நடுங்க வைக்கிறது; அருகில் ஒருவர் இருந்து வேடிக்கையாக ஒரு சொல் சொன்னால் நடுக்கம் போய்விடுகிறது. திரையின் அடியில் தெரியும் அந்த மூன்று நிழல்களும் நம் பக்கத்து நாற்காலிக்காரர்களே. இரவில் வீட்டில் தனியே பார்ப்பவனும் ஒரு கூட்டத்தில் இருப்பதாக உணர்கிறான்.

மூன்றாவது காரணம் கல்வியோடு தொடர்புடையது. நல்ல படம் தன் செய்நேர்த்தியை மறைத்துவிடுகிறது. கெட்ட படம் தன் தையல்களையெல்லாம் வெளியே காட்டுகிறது. 1966-இல் டெக்சாஸ் மாநிலத்து எல் பாசோ நகரில், உரம் விற்று வாழ்ந்த ஹெரால்டு வாரன் என்பவர் 'மேனோஸ்: தி ஹேண்ட்ஸ் ஆஃப் ஃபேட்' என்ற படத்தை எடுத்தார். சாவி முடுக்கி ஓட்டும் அவருடைய காமிராவில் ஒரு தடவைக்கு அரை நிமிட அளவே படம் பிடிக்க முடிந்தது. ஒலியை உடன் பதிவு செய்யவில்லை. பின்னர் மிகச் சிலர் சேர்ந்து எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்தனர். இரவுக் காட்சிகளில் விளக்கைச் சுற்றிப் பூச்சிகள் பறக்கின்றன. இவற்றைக் கண்டு சிரிக்கும் மாணவன், ஒளியும் ஒலியும் வெட்டும் ஒட்டும் திரைக்கலைக்கு எத்துணை இன்றியமையாதவை என்பதைத் தானறியாமலே கற்றுக்கொள்கிறான்.

இனி இரண்டாம் வினா. அந்தப் படத்தின் முதற்காட்சியில் ஊரார் சிரித்தார்கள். அதில் நடித்த சிறுமியோ, திரையில் தன் வாயிலிருந்து வேறொருவர் குரல் வருவதைக் கேட்டு அழுதுவிட்டாள். பல்லாண்டுகள் வகுப்பறையில் நின்ற எனக்கு இந்த அழுகை புதிதன்று. பாடத்தை உரக்கப் படிக்கும்போது ஒரு மாணவன் நாக்குழறுவான், வகுப்பு சிரிக்கும். பிழையைக் கண்டு எழுந்த அச்சிரிப்பில் அவனும் கலந்துகொண்டால் தீங்கில்லை. அவனைக் குறிவைத்து எழுந்ததாயின், அவன் மறுநாள் வாய் திறக்கமாட்டான். எள்ளலின் நன்மை தீமையை அளக்க இதைவிடச் சிறந்த கோலை நான் அறியேன்.

அந்தக் கோலால் அளந்தால் இந்த நிகழ்ச்சி எப்படித் தேறுகிறது? கேலி எழுதியவர்கள் ஒவ்வொரு படத்தையும் பலமுறை உன்னிப்பாகப் பார்த்தே எழுதினார்கள். வெறும் இகழ்ச்சி உடையவன் பாதியில் எழுந்து போயிருப்பான். 1993-இல் 'மேனோஸ்' இந்நிகழ்ச்சியில் இடம்பெற்றது. அதுவரை ஏறத்தாழ மறக்கப்பட்டிருந்த அப்படம் அதன்பின் பல்லாயிரவர்க்கு அறிமுகமாயிற்று. 2011-இல் அதன் பழைய படச்சுருள் ஒன்று ஓர் இளைஞர் கையில் கிடைத்தது. அன்பர்கள் பணம் திரட்டித் தர, அவர் அதனைச் செப்பனிட்டார். 2015-இல் தெளிவான பதிப்பாக அது வெளிவந்தது. அன்று அழுத சிறுமி வளர்ந்து, அந்தப் படத்தோடு தாம் வாழ்ந்த வாழ்வைப் பற்றி ஒரு நூலே எழுதினார். கேலியே அந்தப் படத்தை அழியாமற் காத்தது.

ஆகவே, சிரியுங்கள், தடையில்லை. ஆனால் இறுதிவரை இருந்து பார்த்துவிட்டுச் சிரியுங்கள். ஆடும் கல்லறையைக் கண்டு சிரிக்கும்போதே, அதனை அட்டையில் வெட்டி வண்ணம் தீட்டி நிறுத்தியவன் ஒருவன் இருந்தான் என்பதையும் நினையுங்கள். அவனும் உங்களோடு அமர்ந்து சிரிக்கத்தக்க சிரிப்பாக அஃது அமையட்டும்.