தீயின்றிக் கருகும் தாள்

ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டையை 1803-இல் கைப்பற்றிய பண்டார வன்னியனின் வரலாற்றை நாடகமாகவோ கண்காட்சியாகவோ அமைக்கும் மாணவருக்கு, அக்காலத்துக் கடிதம் போன்ற ஒரு தாள் தேவைப்படுதல் இயல்பே. முன்னெல்லாம் தாளைத் தேநீரில் தோய்த்து உலர்த்தி, ஓரத்தை விளக்கில் வாட்டுவர். இன்று விரல் சுடாமலே கணினியில் அதனை ஆக்கிக்கொள்ளலாம். 'கிம்ப்' என்னும் இலவசச் செயலியே அதற்குப் போதும்.

முதலில் தனியொரு படலத்தில் வைக்கோல் நிறத்தைப் பூசுக. அதன்மேல் மேகம் போன்ற கறைகள் கொண்ட இன்னொரு படலத்தை இட்டு, கீழ்நிறத்தைக் கருமையாக்கும் 'மல்டிப்ளை' முறையில் கலந்துவிடுக. பின்னர் வைக்கோல் நிறப் படலத்துக்குத் திரும்பி, கையால் வளைத்து வரையும் தெரிவுக் கருவியால் ஓரங்களைக் கோணல்மாணலாகத் தெரிந்து அழித்துவிடுக. மேலுள்ள கறைப்படலத்திலும் அதே பகுதியை அழிக்க வேண்டும். அழித்த ஓரத்தை ஒட்டி மென்மையான தூரிகையால் கபிலநிறமும், விளிம்பில் மட்டும் கருமையும் தீட்டுக. கருமை நூலளவே இருத்தல் நன்று. கபிலம் அகன்று உள்நோக்கி மங்கவேண்டும். மெய்யான தாள் எரிவதும் அவ்வாறே அன்றோ! வெப்பம் முதலில் தாளைப் பழுப்பாக்கி, அதன்பின்னரே கரியாக்குகிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. மரக்கூழில் செய்த செய்தித்தாள், அதிலுள்ள லிக்னின் என்னும் பொருள் ஒளியாலும் காற்றாலும் மாறுவதால் விரைவில் மஞ்சளாகும். 1803-இல் வழங்கிய தாளோ கந்தைத் துணியிலிருந்து செய்யப்பட்டது, அத்துணை மஞ்சளாவதில்லை. ஆகவே அக்காலத் தாளுக்கு மஞ்சளைக் குறைத்து, மடிப்புக் கோடுகளையும் ஈரக்கறைகளையும் மிகுத்துக் காட்டுதலே பொருந்தும்.

இத்துணை எளிதில் பழமை ஆக்கப்படுவதனால் ஒரு கடமையும் பிறக்கிறது. 1981-இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 2009-இல் முடிவுற்ற போரில் இடம்பெயர்ந்த வன்னிக் குடும்பங்கள் பல, காணி உறுதிகளையும் பிறப்பத்தாட்சிப் பத்திரங்களையும் திருமணப் படங்களையும் வழியிலே இழந்தன. மெய்யான ஆவணம் அருகிய மண்ணில், போலியொன்று மெய்யென்று நம்பப்படுதல் எளிது. ஆதலால் நீங்கள் ஆக்கும் தாளின் மூலையில் 'மாதிரி' என்ற சொல்லையும் ஆக்கிய ஆண்டையும் தவறாது பொறித்துவிடுக.

மற்றொன்று: வீட்டிலுள்ள பாட்டனாரின் கடிதத்தையோ பழைய படத்தையோ அழகுக்காகத் தேநீரிலும் நெருப்பிலும் இடாதீர்கள். அதனை ஒளிவருடியில் படியெடுத்து, மூலத்தைப் பத்திரப்படுத்தி, படியிலேயே கைவண்ணத்தைக் காட்டுங்கள். அப்படியைக் குடும்பத்தார் இருவர் மூவரிடம் கொடுத்தும் வையுங்கள். 2005-இல் தோன்றிய 'நூலகம்' என்னும் இணைய நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இவ்வாறே படியெடுத்துக் காத்து வருகிறது.

கணினியில் தீட்டிய கருகலை ஒரு விசையை அழுத்தி நீக்கிவிடலாம். தீ தின்ற தாளுக்கு அத்தகைய விசை இல்லை.