உறைபனியில் பாதரட்சை

மார்கழியிலும் வெறுங்காலோடு வயல்வரப்பில் நடந்து பழகிய சித்தையன்கோட்டை நேயர்களுக்குப் பனிப்பிரதேசத்துப் பூட்ஸைப் பற்றிச் சொல்வது விநோதமாகத் தோன்றக்கூடும். ஆயினும், 1984 ஏப்ரல் முதல் நம் ராணுவம் காவல் நிற்பதும், குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரி வரை உஷ்ணநிலை இறங்குவதுமான சியாச்சினுக்கு, இப்படிப்பட்ட சமவெளி கிராமங்களில் பிறந்த ஜவான்களும் போகிறார்கள் அல்லவா?

கனமான தோலே குளிரைத் தடுக்கும் என்பது, தோல் பதனிடுவதில் பிரசித்தி பெற்ற திண்டுக்கல் ஜில்லாவாசிகளுக்கு இயல்பாக எழக்கூடிய எண்ணந்தான். உண்மையில் காலைக் காப்பது, உள்ளுறையின் இழைகளுக்கிடையே அசையாமல் சிறைப்பட்டு நிற்கும் காற்று. ஆகவேதான், வேட்டையையே ஜீவனமாகக் கொண்ட வடதுருவத்து இனுயிட் மக்கள், கலைமான் தோலிலும் கடல்நாய்த் தோலிலும் தைத்த காலணிக்குள் உரோமம் அடர்ந்த வேறோர் உறையையும் அணிந்தார்கள்.

இறுக்கமான பூட்ஸோ, அந்தக் காற்றையும் நசுக்கி, ரத்த ஓட்டத்தையும் தடுத்து, விரல்களை மரத்துப்போகச் செய்துவிடும். எனவே, கம்பளிக் காலுறை அணிந்த பின்னும் விரல்கள் தாராளமாக அசையும் அளவில் வாங்குவதே உசிதம். வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும் பருத்திக் காலுறை அங்கே உதவாது. உள்ளுறையையும் இரவுதோறும் கழற்றி உலர்த்த வேண்டும்.