கார்பன் ஃபைபரில் ஓட்டை போடுவதும், அதில் எந்த போல்ட்டை மாட்டுவது என்பதும்

காசிமேட்டில் ஃபைபர் போட் ரிப்பேர் பார்க்கிறவர்களுக்கு ஃபைபரில் ஓட்டை போடுவது ஒரு விஷயமே இல்லை. ட்ரில்லை வைத்து ஒரு அழுத்து, பிசிறு இருந்தால் உப்புத்தாள், முடிஞ்சது. ஆனால் அது கண்ணாடி இழை. காரின் கார்பன் ஃபைபர் பானெட்டில் லாக் பின் மாட்ட அதே கைப்பழக்கத்தோடு போனால் இரண்டு இடத்தில் சிக்கல் வரும். முதல் சிக்கல் உடனே கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது மெதுவாகத்தான் தெரியும். ராயபுரம், எண்ணூர் மாதிரி உப்புக்காற்று அடிக்கும் ஊரில் அதுதான் பெரிசு.

முதலாவது, அடுக்கு பிரிவது. கார்பன் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எபாக்ஸியில் ஒட்டியதுதான் இந்தப் பலகை. ட்ரில் பிட் மறுபக்கம் வெளியே வரும் நேரத்தில், கடைசி அடுக்கைத் தாங்கப் பின்னால் எதுவும் இல்லாததால், வெட்டுவதற்குப் பதிலாக அதைத் தள்ளிப் பிய்த்துவிடும். அதனால் பின்பக்கம் ஒரு பிளைவுட் துண்டை இறுக்கமாக கிளாம்ப் போடுங்கள். இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். சாதாரண இரும்பு பிட் சீக்கிரம் மழுங்கிப்போகும். மழுங்கிய பிட் வெட்டாது, சூடுதான் பண்ணும். ரெசின் கருகுகிற வாசம் வந்தால் நிறுத்துங்கள். கார்பைட் பிட், அதிக வேகம், குறைந்த அழுத்தம். பெரிய ஓட்டை என்றால் வைரத்தூள் பூசிய ஹோல் ஸா.

தூள் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். N95 மாஸ்க், கண்ணாடி, முழுக்கை சட்டை. வீட்டுக்கு வெளியே, தண்ணீர் தெளித்துக்கொண்டு செய்வது நல்லது (பேட்டரி ட்ரில்லாக இருந்தால் மட்டும், ஒயர் ட்ரில்லும் தண்ணீரும் ஆகாது). இந்தத் தூளில் மின்சாரம் பாயும். கம்ப்யூட்டர் பக்கத்தில் பறக்கவிடாதீர்கள்.

மின்சாரம் பாயும் என்பதில்தான் இரண்டாவது சிக்கலே இருக்கிறது. பழைய டார்ச் லைட் பேட்டரியை உடைத்துப் பார்த்திருப்பீர்கள்: நடுவில் கறுப்பு கார்பன் குச்சி, வெளியே துத்தநாகத் தகரம், இடையில் உப்புக் கலவை. மின்சாரம் வர வர, தகரம் கரையும். கார்பன் பானெட்டில் ஜிஐ போல்ட்டையோ அலுமினிய ரிவெட்டையோ மாட்டி, திருவொற்றியூரில் ராத்திரி பனியில் நிறுத்தினால் அதே பேட்டரியை நீங்களே செய்துவைத்த மாதிரி. உப்பு கடல் தரும். கார்பனுக்கு ஒன்றும் ஆகாது; உலோகம்தான் வெள்ளையாகப் பூத்து அரித்துப்போகும். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது, அதனால் போட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

விமானம் கட்டுகிறவர்களுக்கும் இதே தலைவலிதான். போயிங் 787-இன் எடையில் ஏறக்குறைய பாதி கூட்டுப்பொருள். அதனால் அதில் டைட்டானியம் போல்ட்டுகள் நிறைய. நமக்கு அந்தச் செலவு வேண்டாம். ஓட்டையின் உள்சுவரில் வெட்டுப்பட்ட இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் எபாக்ஸி தடவிக் காயவிடுங்கள். 316 ஸ்டெயின்லெஸ் போல்ட், உலோகம் கார்பனில் படாதபடி நைலான் புஷ், நைலான் வாஷர். போதும்.

இவ்வளவும் பானெட், ஸ்பாய்லர் மாதிரி மேல்பூச்சுப் பாகங்களுக்கு மட்டும்தான். சீட், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் என்று உயிரைத் தாங்குகிற கார்பன் பாகம் எதிலும் வீட்டில் ட்ரில் வைக்கவே வைக்காதீர்கள்.