விரலுக்கும் தோலுக்கும் வேறுபாடு அறியாத கத்தி

‘ஜாலான் புசார்’ என்றால் மலாய் மொழியில் பெரிய சாலை. அந்தப் பெரிய சாலையில் குழாய், பூட்டு, விளக்கு, ஆணி என்று வன்பொருள் விற்கும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அப்படிப்பட்ட கடை ஒன்றில் ஒரு சாணைக்கல்லை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் வழவழப்பு. பார்வைக்குச் சோப்புக் கட்டியைப் போலச் சாதுவாக இருக்கும்.

தோலில் பணப்பையோ சாவிக்கொத்துப் பட்டையோ செய்யப் பழகுகிறவர்களுக்குக் கத்தியை அடுத்துத் தேவைப்படுவது இந்தக் கல்தான். கத்தியால் தோலை வெட்டும்போது விரல் பத்திரம் என்ற நினைப்பு எல்லாருக்கும் இருக்கும். கல்லில் தீட்ட உட்கார்ந்தால் அந்த நினைப்பு தளர்ந்துவிடுகிறது. “எதையும் வெட்டவில்லையே, தேய்க்கத்தானே செய்கிறோம்” என்று தோன்றும். ஆனால் நிமிடத்துக்கு நிமிடம் கூர்மை ஏறிக்கொண்டிருக்கும் ஒரு விளிம்பின் மீது உங்கள் விரல்கள் மிக அருகில், அழுத்தியபடி, ஈரத்துடன் இருப்பது அப்போதுதான்.

தோலைப் பற்றிப் பேச இந்த வட்டாரம் பொருத்தமானது. ஒரு காலத்தில் தேக்காவில் மாட்டு வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. ‘கெர்பாவ்’ என்றால் மலாயில் எருமை. கெர்பாவ் ரோடு, பஃபலோ ரோடு ஆகிய பெயர்கள் இன்றும் அதைச் சொல்கின்றன. பெலிலியோஸ் ரோடு ஒரு மாட்டு வியாபாரியின் பெயரையும், ஜாலான் புசாரில் வந்து சேரும் டெஸ்கர் ரோடு ஓர் இறைச்சி வியாபாரியின் பெயரையும் தாங்கி நிற்கின்றன. மாடு இருந்த இடத்தில் தோலும் இருந்திருக்கும்.

அந்தத் தோல் எதனால் ஆனது? பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதத்தால். கூடை முடைந்ததுபோல் பின்னிக் கிடக்கும் கொலாஜன் இழைகள்தாம் தோலுக்கு உறுதி தருகின்றன. அந்த இழைகள் அழுகிப்போகாமல் நிலைநிறுத்துவதே தோல் பதனிடுதல். தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் அந்த வேலையைச் செய்தன.

கொலாஜன் மூலக்கூறு மூன்று புரியாக முறுக்கிய கயிறு போன்றது என்று சொன்னவர், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் இருந்த ஜி.என். ராமச்சந்திரன். கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து அவர் அந்தக் கருத்தை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது 1954இல். அவருடைய ஊடுகதிர் ஆய்வுக்கு நல்ல கொலாஜன் தேவைப்பட்டபோது கைகொடுத்தது, பக்கத்திலேயே இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். அங்கிருந்து அவருக்குக் கிடைத்தது கங்காருவின் வால் தசைநாண்! கங்காரு வால், மாட்டுத்தோல், உங்கள் ஆள்காட்டி விரல் எல்லாவற்றிலும் இருப்பது அதே முப்புரிக் கயிறுதான்.

ஆக, மாட்டுத்தோலை வெட்டுவதற்கென்றே செய்த கத்தி, அதைவிட மெல்லிய உங்கள் தோலை இன்னும் எளிதாக வெட்டும். பதனிட்ட தோல் எது, உயிருள்ள தோல் எது என்று அதற்குத் தெரியாது.

கூர்மைக்கு ஒரு கணக்கு

அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுத்தால் கிடைப்பது. இது நீங்கள் வகுப்பில் படித்ததுதான். நன்றாகத் தீட்டிய கத்தியின் விளிம்பு 1 மைக்ரோமீட்டர் தடிப்பு என்று வைத்துக்கொள்வோம். 1 சென்டிமீட்டர் நீளம் மட்டும் தோலைத் தொடுகிறது. 1 நியூட்டன் விசை, அதாவது ஒரு சிறிய ஆப்பிளின் எடை அளவு, கொடுத்தால் போதும். அழுத்தம் 10 கோடி பாஸ்கல் ஆகிறது. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் இது ஏறத்தாழ ஆயிரம் மடங்கு.

அதே கத்தி மழுங்கி, விளிம்பின் தடிப்பு 50 மைக்ரோமீட்டர் ஆகிவிட்டால்? அதே அழுத்தத்துக்கு 50 நியூட்டன் வேண்டும். 5 கிலோ அரிசிப் பையைத் தூக்கும் அளவு விசை.

விபத்து இங்கேதான் தொடங்குகிறது. 50 நியூட்டன் விசையுடன் தள்ளுகிறீர்கள். தோல் எதிர்த்து நிற்கிறது. திடீரென்று கத்தி வழுக்குகிறது, அல்லது தோல் சட்டென்று விட்டுக்கொடுக்கிறது. எதிர்ப்பு போய்விட்டது, ஆனால் உங்கள் கை இன்னும் தள்ளிக்கொண்டே இருக்கிறது. கையும் முன்கையும் சேர்ந்து 2 கிலோகிராம் என்று கொள்வோம். முடுக்கம், 50ஐ 2ஆல் வகுத்தால், ஒரு விநாடி வர்க்கத்துக்கு 25 மீட்டர். கண் பார்த்து, மூளை உணர்ந்து, தசைக்கு “நிறுத்து” என்ற கட்டளை போய்ச்சேர ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும். அதற்குள் கை எவ்வளவு தூரம் போயிருக்கும்? பாதி × முடுக்கம் × நேரத்தின் வர்க்கம். போட்டுப் பாருங்கள்: அரை மீட்டர்!

உராய்வு, தசைகளின் இழுபறி எல்லாவற்றையும் கழித்து அதில் கால் பங்குதான் நகரும் என்று சொன்னாலும் 12 சென்டிமீட்டருக்கு மேல் வருகிறது. இடது கை விரல்கள் வழக்கமாக அதற்குள்தான் இருக்கும். கூரான கத்திக்கு அதே கணக்கைப் போட்டால், 1 நியூட்டனில் அதே 0.2 விநாடியில் கை நகர்வது 1 சென்டிமீட்டர் மட்டுமே. மழுங்கிய கத்தியே ஆபத்தானது என்று அனுபவசாலிகள் சொல்வது வெறும் பேச்சல்ல.

“கவனமாக இரு” என்று பெரியவர்கள் சொல்வார்கள். தவறில்லை. ஆனால் எவ்வளவு கவனமாக இருந்தாலும் 0.2 விநாடி 0.2 விநாடிதான். நரம்பின் வேகத்தை யாராலும் கூட்ட முடியாது. கத்தி வழுக்கினால் எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே பார்த்து, அந்தப் பாதையில் விரல், மணிக்கட்டு, தொடை எதையும் வைக்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. மடியில் தோலை வைத்து வெட்டுவது ஏன் கூடாது என்று இப்போது புரியும்.

பிரான்சில் கூப்வ்ரே என்ற ஊரில், குதிரைகளுக்குச் சேணமும் தோல்வாரும் செய்யும் பட்டறை ஒன்று இருந்தது. 1812இல், அந்தத் தொழிலாளியின் மூன்று வயது மகன் அப்பாவைப் போலவே தோலில் துளையிட முயன்றான். கூரிய கருவி வழுக்கி ஒரு கண்ணில் பாய்ந்தது. ஐந்து வயதுக்குள் அவனுக்கு இரண்டு கண்களிலும் பார்வை போய்விட்டது. ஒரு கண் ஆழமாகக் காயம்பட்டால், உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே மற்ற கண்ணைத் தாக்கும் அரிய நிலை ஒன்று உண்டு. அவனுக்கு நேர்ந்தது அதுவாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். அந்தச் சிறுவன்தான் லூயி பிரெயில். 15 வயதில், 1824இல், ஆறு புள்ளிகளால் எழுதும் முறையை அவர் உருவாக்கினார். பார்வையற்றோர் இன்று தமிழையும் அந்த ஆறு புள்ளிகளில்தான் தடவிப் படிக்கிறார்கள். தாளில் புள்ளி குத்த அவர் பயன்படுத்திய முனைக்கருவி, தோலில் துளையிடும் குத்தூசிக்குக் கிட்டத்தட்ட உடன்பிறப்பு.

கல்லில் கை வைக்கும் முன்

சரி, கத்தியைத் தீட்டித்தானே ஆகவேண்டும்? கல் நகரக்கூடாது என்பது முதல் விதி. ஈரக் கல்லை வழவழப்பான மேசையில் வெறுமனே வைத்தால் அது சறுக்கும். நனைத்துப் பிழிந்த துணி ஒன்றைக் கல்லுக்கு அடியில் விரித்தால் உராய்வு கூடிவிடும். கல்லை ஒரு கையில் ஏந்திக்கொண்டு மறு கையால் தீட்டுவது வேண்டவே வேண்டாம். கத்தியை அழுத்தும் விரல்நுனிகள் தட்டையான பக்கத்தில், விளிம்பிலிருந்து தள்ளி இருக்கட்டும்.

ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க, விளிம்பில் உள்ள எஃகு மெல்லிய பிசிறாக மறுபக்கம் மடங்கும். பிசிறு வந்துவிட்டதா என்று விரலால் தடவிப் பார்ப்பது வழக்கம். பலரும் காயப்படுவது இந்த இடத்தில்தான் என்று தோன்றுகிறது. கத்தியின் முதுகுப் பக்கத்திலிருந்து விளிம்பைத் தாண்டி வெளியே, குறுக்காக, மெல்ல வருடினால் பிசிறு நெருடும், வெட்டாது. விளிம்பின் நீளவாக்கில் விரலை ஓட்டினால் வெட்டிவிடும். விரல் அதே விரல், கத்தி அதே கத்தி. ஏன் இந்த வேறுபாடு?

வீட்டில் அகர் அகர் செய்தால் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். தையல் நூலை இரு கைகளிலும் இறுக்கிப் பிடித்து, அதன் மேல் நேராக அழுத்துங்கள். துண்டு நசுங்கும், பிறகுதான் வெட்டுப்படும். இப்போது நூலைப் பக்கவாட்டில் இழுத்தபடி அழுத்துங்கள். சட்டென்று இறங்கும். சென்னை ஐஐடியில் படித்து இப்போது ஹார்வர்டில் இருக்கும் எல். மகாதேவனும் அவருடைய குழுவினரும் இதே அகர் கட்டியைக் கம்பியால் வெட்டி அளந்து, 2012இல் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். மென்மையான பொருளை நேராக அழுத்தினால் அது பெரும்பாலும் நசுங்குகிறது. விரிசல் தொடங்க வேண்டுமென்றால் அது இழுபட வேண்டும். பக்கவாட்டில் இழுக்கும்போது மேற்பரப்பு நீட்சி அடைவதால், சிறு அழுத்தமே விரிசலுக்குப் போதுமாகிறது. தக்காளியை அழுத்தி வெட்டாமல் இழுத்து வெட்டுவதும் இதனால்தான். தாளின் ஓரம் விரலைக் கிழிப்பதும் பெரும்பாலும் விரல் அதன் ஓரமாக வழுக்கிச் செல்லும்போதுதான்.

கடைசி மெருகுக்குத் தோல்வாரில் தேய்ப்பார்கள், பழைய முடிதிருத்தும் நிலையங்களில் சவரக்கத்தியைத் தேய்த்ததுபோல. இங்கே முதுகு முன்னே, விளிம்பு பின்னே. திசை மாறினால் கத்தி தோல்வாரைக் கடித்துக்கொண்டு நின்றுவிடும்; பிறகு என்ன நடக்கும் என்று மேலே கணக்குப் போட்டுவிட்டோம்.

கத்தி கைதவறி விழுந்தால்? 90 சென்டிமீட்டர் உயர மேசையிலிருந்து தரையைத் தொட அதற்கு 0.43 விநாடி ஆகும். பாய்ந்து பிடிக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. பிடிப்பது கைப்பிடியா விளிம்பா என்று பார்க்க நேரம் இல்லை. கையை இழுத்துக்கொண்டு பின்னால் ஓரடி வையுங்கள். கத்தி விழட்டும். மழுங்கினால் மறுபடி தீட்டிக்கொள்ளலாம்.

வெட்டிவிட்டால்

சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். பத்து நிமிடம் விடாமல். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்க்கக்கூடாது. இரத்தத்தட்டுகள் குவிந்து, ஃபைப்ரின் என்ற இழைகள் வலையாகப் பின்னும் வேலை அங்கே நடக்கிறது. துணியை எடுத்தால் வலை பிய்ந்துவிடும். இரத்தம் நின்றபின் ஓடும் நீரில் கழுவலாம். பாட்டி சொல்லும் காப்பித்தூள், மஞ்சள்தூள் வேண்டாம். அவை கிருமி நீக்கப்பட்டவை அல்ல, மருத்துவர் காயத்தைப் பார்ப்பதையும் மறைக்கும். அழுத்தியும் இரத்தம் நிற்காமல் பாய்ந்தால் 995ஐ அழையுங்கள்.

பிறகு இரண்டு சோதனைகள். விரலின் ஒவ்வொரு மூட்டையும் மடக்க, நீட்ட முடிகிறதா? நுனியில் தொட்டால் உணர்கிறதா? விரலின் இரு பக்கமும் நரம்பும் இரத்தக்குழாயும் தோலுக்குச் சற்றுக் கீழேயே ஓடுகின்றன. மடக்க முடியாவிட்டாலும் மரத்துப்போயிருந்தாலும், காயம் சிறிதாகத் தெரிந்தாலும், அன்றே மருத்துவரிடம் போகவேண்டும். அறுந்த நரம்பைத் தைத்தால் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளரும். விரலின் அடியில் அறுந்தால் நுனிக்கு உணர்வு திரும்ப இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும்.

சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில், அது 2017 ஜூலை 10ஆம் தேதி மூடப்படும்வரை, துருப்பிடித்த உளியும் கத்தியும் மலிவாகக் கிடைத்தன. துரு பட்டால் டெட்டனஸ் வரும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். துருவுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை. மண்ணிலும் விலங்குச் சாணத்திலும் வாழும் ஒரு பாக்டீரியாவின் வித்துகளே காரணம். ஆக்சிஜன் குறைந்த ஆழமான துளையில் அவை செழிக்கும். அதனால் அகலமாக வெட்டிய கத்தியைவிட ஆழமாகக் குத்திய ஊசியை மருத்துவர் கூடுதல் சந்தேகத்துடன் பார்ப்பார். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் தொடக்கநிலை 5இல் இதற்கான தடுப்பூசி போடுகிறார்கள். அதற்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்தவர்கள் தங்கள் தடுப்பூசிப் பதிவை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம்.

காயம் ஆறும்போது உடல் அங்கே புதிய கொலாஜனை இடுகிறது. அதற்கு வைட்டமின் சி தேவை. ஆனால் இந்த முறை அது கூடை முடைவதில்லை. அவசர வேலை, இழைகளை ஒரே திசையில் அடுக்கிவிடுகிறது. தழும்பு பளபளவென்று தெரிவது அதனால்தான். தையல் பிரிக்கும் நாளில் அந்த இடத்துக்கு இருப்பது பழைய உறுதியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. மூன்று மாதத்தில் அது 80 விழுக்காட்டை எட்டலாம். அதற்குமேல் ஏறுவதில்லை.