குறி பார்த்துச் சுட ஆசையா? எந்தத் துப்பாக்கி வாங்குவது?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜூகு கடற்கரைக்குப் போகாத தமிழர் மும்பையில் உண்டா? பேல்பூரி சாப்பிட்டு, அலையில் கால் நனைத்துவிட்டுத் திரும்பினால் பலூன் கடை. பலகையில் வரிசையாகக் கட்டிய பலூன்கள். எதிரே ஒரு பழைய துப்பாக்கி. காசைக் கொடுத்துவிட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டு 'டப்' என்று சுடுகிறோம். பத்தில் ஏழு உடைந்துவிட்டால் போதும், அன்றைக்கு வீட்டில் நாம்தான் கட்டபொம்மன்!

என் நண்பர் ஒருவருக்கு இந்தப் பலூன் கடையால் வந்தது வினை. ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். சொந்த ஊர் நாங்குநேரி பக்கம். இப்போது சயான் கோலிவாடாவில் வாசம். பையன் ஒன்பதாம் வகுப்பு. பலூன் கடையில் பத்துக்குப் பத்து உடைத்துவிட்டானாம். அன்று முதல் தூக்கத்திலும் துப்பாக்கிதான்.

"அண்ணாச்சி, சொந்தமா ஒரு துப்பாக்கி வேணும்னு பையன் ஒத்தக்கால்ல நிக்கான். தீபாவளி போனசுல வாங்கிக் குடுத்திரலாம்னு பாக்கேன். லைசென்சு கிய்சென்சுன்னு வம்பு எதுவும் வந்திராதே?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். இதே கேள்வி பல வீடுகளில் இருக்கும். அவருக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

லைசென்சு வேண்டுமா, வேண்டாமா?

துப்பாக்கி என்றாலே போலீசு, லைசென்சு என்று பயப்படத் தேவையில்லை. பயமே இல்லாமலும் இருக்கக் கூடாது. சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது. அந்தக் கோடு எங்கே என்று தெரிந்துகொண்டால் போதும்.

வெடிமருந்தால் சுடுவது ஒரு சாதி. காற்றின் விசையால் சுடுவது இன்னொரு சாதி. பின்னதைத்தான் 'ஏர்கன்' என்கிறோம். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள்படி, ஏர்கன்னின் குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாமலும், குண்டு வெளிவரும் வேகத்தின் சக்தி 20 ஜூலுக்கு மேற்படாமலும் இருந்தால் லைசென்சு தேவையில்லை. இரண்டில் ஒன்று மிஞ்சினாலும் லைசென்சு வேண்டும். 4.5 மில்லிமீட்டரைத்தான் கடைக்காரர்கள் 'பாயின்ட் ஒன் செவன் செவன்' என்பார்கள். இந்த எண் காதில் விழுந்தால் சரி.

'பாயின்ட் டூ டூ' என்று காதில் விழுந்தால் உஷாராகுங்கள். இதில் ஒரு குழப்பம் உண்டு. 5.5 மில்லிமீட்டர் ஏர்கன்னையும் பாயின்ட் டூ டூ என்பார்கள். தோட்டா போட்டுச் சுடும் சிறு ரைபிளையும் பாயின்ட் டூ டூ என்பார்கள். ஒன்று காற்று, மற்றது மருந்து. ஆனால் நம் நாட்டில் இரண்டுக்குமே லைசென்சு வேண்டும்.

அந்தத் தோட்டா ரைபிள் அருமையான பொருள்தான். சத்தம் குறைவு, தோளை உதைக்காது, 50 மீட்டர் ஒலிம்பிக் போட்டியில் சுடுவதும் அந்த ரகத் தோட்டாதான். ஆனால் மும்பையில் அதற்கு போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். போலீசு வீட்டுக்கு வந்து விசாரிக்கும். எதற்காகத் துப்பாக்கி என்று காரணம் காட்ட வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு லைசென்சு ஐந்து வருஷத்துக்குச் செல்லும் என்பது ஒரு சௌகரியம். இருந்தாலும் பொழுதுபோக்குக்காகச் சுடும் ஒரு குமாஸ்தாவுக்கு இத்தனை அலைச்சல் எதற்கு?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். "லைசென்சு இல்லாமலே வாங்கித் தருகிறேன், வடக்கே இருந்து வந்த சரக்கு" என்று யாராவது காதோடு சொன்னால், அந்த ஆளின் நிழலைக்கூட மிதிக்காதீர்கள். அதுதான் 'கட்டா' எனும் நாட்டுத் துப்பாக்கி. கையில் வைத்திருந்து பிடிபட்டாலே குறைந்தது இரண்டு வருஷம், அதிகம் ஐந்து வருஷம் சிறை. போதாக்குறைக்கு, சுடுகிறவன் கையிலேயே வெடிக்கக்கூடிய சாமான் அது.

எந்த ரகம்?

சரி, ஏர்கன் என்று முடிவாகிவிட்டது. அதிலும் மூன்று ரகம் உண்டு.

முதலாவது, குழலை மடக்கி இழுக்கும் ஸ்பிரிங் ரைபிள். குழலை மடக்கும்போது உள்ளே ஸ்பிரிங் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். விசையை இழுத்ததும் ஸ்பிரிங் விரிந்து, முன்னே உள்ள காற்றை நெட்டித் தள்ளும். காற்று குண்டைத் தள்ளும். அவ்வளவுதான் தொழில்நுட்பம். சிலிண்டர் வேண்டாம், பம்பு வேண்டாம். குண்டுச் செலவு ஒன்றுதான்.

இரண்டாவது, சிறிய வாயுக் குப்பி போட்டுச் சுடும் கைத்துப்பாக்கி. பார்க்க சினிமாத் துப்பாக்கி போல ஜோராக இருக்கும். குப்பி தீர்ந்தால் இன்னொரு குப்பி, அதற்கு இன்னொரு காசு. மாதச் சம்பளக்காரர்களுக்கு இது கட்டுப்படியாகாது. அதோடு, நிஜத் துப்பாக்கி போலவே இருப்பதால், தெருவில் யாராவது பார்த்துவிட்டால் ஆபத்து உங்களுக்குத்தான்.

மூன்றாவது, முன்கூட்டியே காற்றை அடைத்து வைக்கும் சிலிண்டர் ரைபிள். ஒலிம்பிக் வீரர்கள் கையில் இருப்பது இந்த ரகம். துல்லியம் என்றால் துல்லியம்! ஆனால் ஜெர்மனியிலிருந்து வரும் போட்டி ரைபிளின் விலை 2 லட்சத்துக்கு மேல் போகிறது. நமக்குச் சரிப்படாது, இப்போதைக்கு.

ஆகவே ஸ்பிரிங் ரைபிள்தான் சாமானியனின் துப்பாக்கி. சில ஆயிரம் ரூபாயில் முடியும். பழைய பம்பாய்வாசிகளுக்கு 'ஐ.ஹெச்.பி.' ஏர்கன் நினைவிருக்கும். சிமெண்டுக் குழாய் செய்யும் இந்தியன் ஹியூம் பைப் கம்பெனி தயாரித்தது. பரணில் தாத்தா வைத்திருந்த அந்தத் துப்பாக்கி இன்றைக்கும் சுடுகிறது என்று சொல்பவர்கள் உண்டு. இப்போது பிரிசிஹோல், எஸ்.டி.பி. போன்ற உள்நாட்டுக் கம்பெனிகள் நல்ல ரைபிள்கள் செய்கின்றன.

கடையில் ஏமாறாமல் இருக்க...

என் நண்பர் கடைக்குப் போனபோது கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டது எது தெரியுமா? இருப்பதிலேயே அதிக வேகம் உள்ள ரைபிள். மேலே ஒரு தொலைநோக்கிக் கண்ணாடி வேறு. "ஸாப், ஆயிரம் அடி ஸ்பீடு!" என்று ஒரே புகழ்ச்சி.

பத்து மீட்டரில் காகிதத்தைச் சுடுவதற்கு ஆயிரம் அடி வேகம் எதற்கு? ஒலிம்பிக் ரைபிளே ஏறக்குறைய ஏழரை ஜூல் சக்தியில்தான் சுடுகிறது. சட்டம் அனுமதிக்கும் 20 ஜூலில் பாதிகூட இல்லை! சக்தி கூடக் கூட ஸ்பிரிங் முரடாகும். குழலை மடக்கப் பெரியவர்களுக்கே மூச்சு வாங்கும். பதினாலு வயதுப் பையன் என்ன செய்வான்? உதறலும் கூடும், குறியும் தவறும். சக்தி குறைந்ததை வாங்குங்கள். விலையும் குறையும், உழைப்பும் கூடும்.

தொலைநோக்கியும் வேண்டாம். ஸ்பிரிங் ரைபிள் சுடும்போது பின்னுக்கு ஒரு உதை, முன்னுக்கு ஒரு உதை என்று இரண்டு பக்கமும் அதிரும். மலிவுக் கண்ணாடி அதில் ஆட்டம் கண்டுவிடும். துப்பாக்கியோடு வரும் இரும்புக் குறியிலேயே பழகுவதுதான் முறை.

பார்க்க வேண்டியது குழலை. வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து உள்ளே பாருங்கள். திருகுச் சுழி போல வரிகள் ஓடினால் குண்டு சுழன்றுகொண்டே போகும், நேராகப் போகும். வழுவழுவென்று இருந்தால் அது பலூன் கடைக்குத்தான் லாயக்கு. பிறகு குழலை மூடிவிட்டு மெல்ல ஆட்டிப் பாருங்கள். லொடலொடத்தால் வேண்டாம். வாங்கப் போகும்போது பையனையும் கூட்டிப் போங்கள். அவன் தோளில் வைத்துப் பார்க்க வேண்டும். சட்டை அளவு பார்ப்பது போலத்தான்.

கடைக்காரர் அடையாளச் சான்று கேட்பார், பெயர் விலாசம் பதிவார். தயங்காமல் கொடுங்கள். பில்லை ரேஷன் கார்டு போலப் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு ஒரு போலீஸ்காரர் கேட்டால், 4.5 மில்லிமீட்டர் என்று பேசப் போவது அந்தக் காகிதம்தான்.

குண்டில் கஞ்சத்தனம் வேண்டாம். மூக்கு தட்டையான குண்டாக வாங்குங்கள். காகிதத்தில் காகிதத் துளைப்பான் போட்டது போல வட்டமாக ஓட்டை விழும். எத்தனை மார்க் என்று சண்டை வராது. குண்டு ஈயம். சுட்டு முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது.

குண்டு போடாமல் வெறுமனே சுட்டு விளையாடினால் உள்ளே உள்ள ஸ்பிரிங்கும் சீலும் கெட்டுப்போகும். மும்பை மழைக் காலத்தில் இரும்பு ஒரே வாரத்தில் துருவேறும். எண்ணெய்த் துணியால் துடைத்து வைக்க வேண்டும். இன்னொரு சூட்சுமம்: ஸ்பிரிங் ரைபிளை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. குழந்தையைத் தாங்குவது போல லேசாகத் தாங்க வேண்டும். இறுக்கினால் ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு ஊருக்குப் போகும்.

எங்கே சுடுவது?

இதுதான் மும்பைத் தமிழனின் முக்கியப் பிரச்சினை. போட்டித் தூரம் பத்து மீட்டர், அதாவது 33 அடி. நம் கோலியோ பத்துக்குப் பன்னிரண்டு! சால் வராந்தா 33 அடி நீளம் இருக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். அந்த வராந்தாவில் தண்ணீர்க் குடத்தோடு ஒரு அம்மா வருவாள், பந்தை விரட்டிக்கொண்டு ஒரு குழந்தை வரும். ஏர்கன் குண்டு கண்ணில் பட்டால் கண் போயிற்று. சுவரில் பட்டால் திரும்பித் தெறிக்கும். திறந்த வெளியில் இருநூறு மீட்டருக்கு மேலும் பறக்கும். மொட்டை மாடியும் அதனால் ஆகாது.

ஆக, துப்பாக்கி வாங்குவதற்கு முன் சுடும் இடத்தைத் தேடுங்கள். வொர்லியில் மகாராஷ்டிரா ரைபிள் சங்கத்தின் சுடுதளம் இருக்கிறது. தானே, நவி மும்பைப் பக்கமும் சிறு பயிற்சி நிலையங்கள் வந்துவிட்டன. பெரும்பாலும் அங்கேயே துப்பாக்கி கொடுத்துக் கற்றுத் தருகிறார்கள். இரண்டு மூன்று மாதம் அவர்கள் துப்பாக்கியிலேயே பழகட்டும். பையனின் ஆசை பலூன் ஆசையா, நிஜ ஆசையா என்று அதற்குள் தெரிந்துவிடும். போனசும் பத்திரமாக இருக்கும்.

ஏனென்றால் இது சுலபமான விளையாட்டு அல்ல. பத்து மீட்டர் ரைபிள் இலக்கில் பத்து மார்க் புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர்தான். கடுகைவிடச் சின்னது! 75 நிமிஷத்தில் 60 முறை சுட வேண்டும். மூச்சை அடக்கி, கல்லாக நின்று. சேட்டைக்காரப் பிள்ளைகள் சிலர் இதற்குப் பிறகு வீட்டிலும் அமைதியாகிவிடுவதாகத் தாய்மார்கள் சொல்கிறார்கள்.

நம் பெண் ஒருத்தி

வெளிமாநிலத்தில் பிழைக்க வந்தவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு இது எட்டுமா என்று கேட்பவர்களுக்கு இளவேனில் வாலறிவனைக் காட்டலாம். 1999-இல் கடலூரில் பிறந்தவர். பெற்றோரோடு அகமதாபாத் போய் அங்கே வளர்ந்தவர். ககன் நாரங்கின் பயிற்சித் திட்டத்தில் தேறி, 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் பத்து மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வென்றார். டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளிலும் சுட்டார்.

குமாஸ்தாக்களுக்கு இன்னொரு உதாரணம், கோலாப்பூர் மாவட்டத்து ஸ்வப்னில் குசாலே. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிளில் வெண்கலம் வாங்கியபோது அவர் மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். துப்பாக்கி விளையாட்டு ராஜா மகாராஜாக்களுக்கே என்ற காலம் மலையேறிவிட்டது. ஆனாலும் உயர்ந்த படிக்குப் போகப் போகப் பணம் கேட்கும் விளையாட்டு இது என்பதை மறைத்துப் பயனில்லை.

ஊருக்குக் கொண்டுபோகலாமா?

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது தோப்பில் சுட்டுப் பழகலாமே என்று நண்பர் கேட்டார். உறையில் போட்டு, குண்டு இல்லாமல், பில்லோடு கொண்டுபோவது வேறு. தோப்பில் கொக்கையும் அணிலையும் சுடுவது வேறு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. "ஏர்கன்தானே" என்ற சமாதானம் கோர்ட்டில் எடுபடாது. அருணாசலப் பிரதேசத்தில் ஏர்கன்னால் பறவைகள் அழிவதைப் பார்த்து, 2021-இல் மக்களே தங்கள் துப்பாக்கிகளை ஒப்படைக்கும் இயக்கம் தொடங்கியது. தேர்தல், பண்டிகைக் காலங்களில் ஆயுதம் எடுத்துச் செல்லத் தடை உத்தரவு போடுவார்கள். அப்போது ஏர்கன்னையும் வீட்டிலேயே பூட்டி வைப்பது நல்லது. பூட்டி என்றால் நிஜமாகவே பூட்டி. சாவி அப்பா இடுப்பில்.

நண்பர் இன்னும் துப்பாக்கி வாங்கவில்லை. பையன் ஞாயிறுதோறும் பயிற்சிக்குப் போகிறான். போன வாரம் சுட்ட இலக்குக் காகிதத்தைக் கோலியில் முருகன் காலண்டர் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறான். கூடப் போன அப்பாவும் ஆசைக்குப் பத்து குண்டு சுட்டாராம்.

"எத்தனை பட்டது?" என்று கேட்டேன்.

"அத விடுங்க அண்ணாச்சி" என்றார்.