வேலை இழந்தவருக்கு வேளாண் பயிற்சி: சேரும் முன் நான்கு விஷயங்கள்

திருநின்றவூரில் மின்சார ரயில் ஏறி அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போய் வந்தவர்களில் நீங்களும் ஒருவரா? 2020 மார்ச்சில் ஊரடங்கையொட்டி ரயில் நின்றது. பலருக்குச் சம்பளமும் நின்றது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டு ஆலைக்குப் போனவர்கள், மீண்டும் வரப்பில் கால் வைக்கலாமா என்று யோசித்த காலம் அது.

அரசும் சும்மா இருக்கவில்லை. மத்திய அரசு 2020 ஜூன் 20ல் தொடங்கிய 'கரீப் கல்யாண் ரோஜ்கார் அபியான்' திட்டம், ஊர் திரும்பிய தொழிலாளர்களுக்காக 6 மாநிலங்களின் 116 மாவட்டங்களில் 125 நாட்கள் நடந்தது. தமிழகம் அதில் இல்லை. நூறு நாள் வேலை கிராம ஊராட்சிகளுக்கு மட்டுமே இருந்தது. அப்போது பேரூராட்சியாக இருந்து, 2021ல் நகராட்சியான திருநின்றவூருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

அப்படியானால் வழி? பக்கத்தில் திரூரில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. கோ, டி.கே.எம்., ஏ.டி.டீ. என்று நெல் ரகப் பெயர்களைக் கேட்டிருப்பீர்கள், அதில் டி.கே.எம். 13 தந்த நெல் ஆராய்ச்சி நிலையமும் அதே ஊரில்தான். தொழில் பயிற்சி பற்றி அங்கே நேரில் விசாரியுங்கள். சுற்றுக் கிராம இளைஞர்களுக்கு, வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களும் உண்டு. பயிற்சி, சாப்பாடு இரண்டும் இலவசம்.

நிலம் இல்லாதவர்கள் பலர் முதலில் கேட்பது சிப்பிக்காளான். வைக்கோலும் ஒரு குடிலும் போதும்; வித்திட்ட 15 முதல் 20 நாட்களில் பூசணம் படர்ந்துவிடும், அடுத்த சில நாட்களில் மொட்டு வரும். ஆனால் சேரும் முன் நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்.

* ஒரு நாள் விளக்கக் கூட்டத்தோடு நிற்காதீர்கள். உங்கள் கையாலேயே படுக்கை போடும் பயிற்சியாகப் பாருங்கள்.
* தரமான வித்து எங்கே, என்ன விலைக்குக் கிடைக்கும் என்று அங்கேயே கேளுங்கள்.
* பறித்த காளான் ஓரிரு நாள்தான் தாங்கும். வாங்குபவரைப் பிடித்த பிறகு குடில் போடுங்கள்.
* சித்திரை வெயிலில் தொடங்காதீர்கள். குடிலில் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் விளைச்சல் சரியும்.

முக்கியமாக, ஆலை கொடுத்த செட்டில்மென்ட் பணம் முழுவதையும் கொட்ட வேண்டாம். முதலில் 20 படுக்கை போடுங்கள். அதில் இரண்டு முறை லாபம் பார்த்த பிறகு கடனுக்கு வங்கிப் படி ஏறலாம். சான்றிதழ் சோறு போடாது. முதல் அறுவடையை விற்ற கணக்குதான் அடுத்த அடியைச் சொல்லும்.