உப்புக்குச் செய்திப் பக்கம்
(நெரூதா வாழ்ந்த கரை: தொடர் – 9)

போன வாரம் கவிஞர் பாப்லோ நெரூதாவைக் கொழும்பின் வெள்ளவத்தைக் கடலோர வீட்டில் விட்டிருந்தோம். சிலி நாட்டுக் கான்சல், வயது இருபத்தைந்து, துணைக்கு ஒரு கீரி. அந்த வீட்டின் கதையை இந்த வாரம் முடிப்பதாகச் சொல்லியிருந்தேன். உப்பு குறுக்கே வந்துவிட்டது.

1930 ஏப்ரல் 13. ஆங்கிலேயரின் உப்புச் சட்டத்தை மீற ராஜாஜி திருச்சியிலிருந்து சுமார் நூறு தொண்டர்களுடன் வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்குகிறார். ஏப்ரல் 30-ல் அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளிக் கைதாகிறார். அந்த நாட்களில் நெரூதா கொழும்பில்தான் இருக்கிறார். பத்தேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) மாற்றலாகிப் போனது அதற்குப் பிறகு. நடுவே பாக் நீரிணை மட்டும். இந்தக் கரையில் உப்புக்காகச் சிறை போகிறார்கள். அந்தக் கரையில், பின்னாளில் உப்பைப் பாடப்போகிறவர் தனிமையில் வெந்துகொண்டிருக்கிறார். இந்தத் தேதிகள் ஒன்றோடொன்று பொருந்துவதைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறெதிலும் மனம் செல்லவில்லை.

இந்தக் கரையில் உப்பு இன்றும் விளைகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைக் கடக்கும்போது இரு பக்கமும் உப்பளப் பாத்திகள் தெரியும். மழை ஓய்ந்ததும் பாத்தியில் சேறு எடுத்து, தரை இறுகும்வரை காலால் மிதிக்கிறார்கள். உப்புநீர் பாத்திக்குப் பாத்தி மாறி, வெயிலில் சுண்டி, அடியில் பூக்கிறது. பலகையால் அதை வரப்போரம் இழுத்துக் குவிக்கிறார்கள். பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டுபோய் அம்பாரத்தில் கொட்டுகிறார்கள். வெள்ளையில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கெடுக்கும். பாதத்து வெடிப்பில் உப்பு இறங்கும். விளைந்து நிற்கும்போது ஒரு கோடை மழை பெய்தால் அத்தனையும் கரைந்து போகும்.

சிலியின் வடக்கிலும் வெயில்தான், உப்புவெளிதான். 1945-ல் நெரூதா செனட்டரானது தாரபாக்கா, அன்டோஃபகஸ்டா மாகாணங்களிலிருந்து. நைட்ரேட் வெட்டும் தொழிலாளர்களின் மண் அது. அவர்களிடம் ஓட்டுக் கேட்டுப் போனவர், அவர்களுக்குப் புரியும்படி எழுத வேண்டும் என்ற உறுதியோடு திரும்பினார். வெங்காயம், தக்காளி, காலுறை என்று கைக்கு எட்டிய பொருட்களையெல்லாம் பாடினார்.

இந்த வாரம் நான் திரும்பத் திரும்பப் படித்த தகவல் இதுதான்: கராகஸ் நகரத்து ‘எல் நாசியோனல்’ நாளிதழ் வாரந்தோறும் கவிதை கேட்டபோது, இலக்கியப் பக்கத்தில் போடக்கூடாது, செய்திகளுக்கு நடுவே போட வேண்டும் என்றார் நெரூதா. விலைவாசியும் விபத்தும் படிக்கிறவர் கண்ணில் வெங்காயமும் படட்டும் என்பது அவர் எண்ணம். உப்பைப் பற்றிய கவிதை இந்தப் பொருட்களைப் பாடிய கவிதைகளின், 1957-ல் வந்த மூன்றாம் தொகுதியில் இருக்கிறது. சாப்பாட்டு மேசையின் உப்புக் குடுவையில் தொடங்கி அன்டோஃபகஸ்டா உப்புவெளிக்குப் போய்விடுகிறது. நம் பத்திரிகைகளில் மரக்காணத்து உப்பு செய்தியாவது பெரும்பாலும் மழையில் அழிந்தால்தான். விளைகிற நாளும் செய்திதான் என்று நான் நம்புகிறேன்.

இனி அந்த வெள்ளவத்தை வீடு. அங்கே கழிப்பறை சுத்தம் செய்ய வந்த தமிழ்ப் பெண்ணை நெரூதா பலவந்தப்படுத்தினார். 1974-ல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்புகளில் அவரே எழுதியிருக்கிறார். அவள் பெயரை எழுதவில்லை. உழைப்பவர்களைப் பாடிய கவிஞரைப் பற்றி இத்தனை வாரம் பேசியபின், அந்த உழைப்பாளியை ஒரு பத்தியில் கடந்துபோக எனக்கு உரிமையில்லை. அடுத்த வாரம் முழுவதும் அவளுக்கே.

(தொடரும்)